கமக்கட்டு மருந்து

கடந்த வைகாசியில் நான் என் இரண்டு கமக்கட்டுகளையும் சுட்டுக்கொண்டேன். நெருப்பால் அல்ல, அப்பச்சோடாவால். இங்கே கடைகளில் நாட்ரோன் என்ற பெயரில் விற்கும் அதே சாமான்தான். அதோடு சோளமா, தேங்காய் எண்ணெய், நாலு சொட்டு எலுமிச்சை எண்ணெய். இணையத்தில் ஒரு சுவீடன்காரி வெள்ளை வெளேரென்ற சமையலறையில் நின்று சிரித்துக்கொண்டே குழைத்துக் காட்டினாள். நானும் குழைத்தேன். அவள் சொல்லாத ஒன்றையும் சேர்த்தேன்: ஒரு கரண்டி படிகாரத் தூள். மூன்றாம் நாள் தோல் சிவந்தது. ஐந்தாம் நாள் உரிந்தது. 'உடம்பின் நஞ்சு வெளியேறும், பயப்படாதீர்கள்' என்று அவள் சொல்லியிருந்தபடியால் பயப்படாமல் இன்னும் கொஞ்சம் அப்பினேன்.

பிறகு ஒரு கிழமை, கையைப் பக்கத்தில் தொங்கவிட முடியாமல், முட்டைக்கு இடம் தேடும் கோழி மாதிரி நடந்தேன். வேலையிடத்துக் கூட்டத்தில் கைகளை இடுப்பில் ஊன்றியபடி நின்ற என்னைப் பார்த்த மேலாளர், நான் கடுங்கோபத்தில் இருப்பதாக நினைத்து, இரண்டு மாதமாக இழுத்தடித்த என் விடுமுறைக்கு உடனே சம்மதித்தார். இயற்கை வைத்தியத்தால் நான் கண்ட ஒரே பலன் அது.

வெட்கம் என்னவென்றால், நான் இருபது வருடமாக முதியோர் இல்லத்தில் அடுத்தவர் உடம்பைக் கழுவித் துடைத்துச் சம்பளம் வாங்குகிறவள். தோலை எப்படிப் பராமரிப்பது என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறவள். புண்ணைப் பார்த்த டொக்டர் பெட்டை, என் மகளைவிட இரண்டு வயது கூடினால் அதிசயம், மெல்லக் கேட்டாள்: "கடையில் விற்பதை வாங்கியிருக்கலாமே?"

நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்வதென்றால் நான் அவளை இக்காஸ்ட் என்ற சின்ன டென்மார்க் நகரத்துக்கு, ஒரு மாடி வீட்டுக்கு, எனக்குப் பன்னிரண்டு வயதான ஒரு குளிர்காலத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது பத்து நிமிடம். ஆகவே உங்களிடம் சொல்கிறேன். உங்களிடம் என்றால், என் வயதுக்காரரிடம். பல் விழுந்து முளைக்கிற வயதில் இந்தக் குளிருக்குள் இறக்கப்பட்டு, ஆறு மாதத்தில் டெனிஷ் பிடித்து, அதற்குத் தண்டனையாக அப்பா அம்மாவின் வாயாகவும் காதாகவும் நியமனம் பெற்றவர்களே, உங்களுக்குச் சொன்னால் விளங்கும்.

அந்த வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பா, அம்மா, நான், சித்தப்பா. சித்தப்பா அப்பாவின் தம்பி. முப்பத்தைந்து தாண்டியும் கல்யாணம் ஆகாதவர். எங்களுக்குப் பிறகு வந்து, எங்கள் வரவேற்பறைச் சோபாவிலேயே படுத்து எழும்பினார். துணிக்குச் சாயம் ஏற்றும் தொழிற்சாலையில் வேலை. முழங்கால் வரை றப்பர் சப்பாத்து, உள்ளே காலுறையாக இரண்டு சோடி மேஸ், நாள் முழுக்கச் சுடுதண்ணீர் ஆவிக்குள் நிற்கவேண்டும். நகக்கண்ணில் சாயம் ஒட்டியிருக்கும். ஒரு கிழமை நீலம், ஒரு கிழமை சிவப்பு. டென்மார்க்கில் அந்த வருடம் மக்கள் என்ன நிறத்தில் உடுத்தப் போகிறார்கள் என்பதை எங்கள் வீட்டில் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

அவர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். போத்தல் போத்தலாகக் குடிப்பார். குடித்துவிட்டு ஓடுவார்.

"வீட்டு வாடகையிலை அரைவாசி கக்கூசுக்குத்தான்ரா போகுது," என்று அப்பா பகிடி பண்ணுவார்.

"என்ன செய்யிறது அண்ணை, ஆவிக்குள்ளை நிண்டால் விடாய்க்கும்தானே."

வருகிறபோது கொழுகொழுவென்று இருந்தவர் அந்த மார்கழிக்குள் வற்றிப்போனார். சேட்டுக் கொலர் கழுத்தைச் சுற்றித் தனியாக நின்றது. அம்மாவுக்கு அது பெரிய மனக்குறை. மாமியார் கேட்டால் என்ன சொல்வது? தம்பியைப் பட்டினி போட்டாள் என்றல்லவா ஊர் பேசும். ஆகவே அவருடைய தேத்தண்ணிக்கு மட்டும் ரின்பாலும், அதற்கு மேல் மூன்று கரண்டி சீனியும். "குடியும் தம்பி, உடம்பு தேறும்." அவர் குடித்தார். இப்போது முதியோர் இல்லத்தில் மருந்துத் தட்டைக் கையில் பிடிக்கிற நேரங்களில், அந்த மூன்றாவது கரண்டி என் கண்ணுக்கு முன் வந்து நிற்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியில் உடற்பயிற்சி வகுப்பு முடிந்ததும் எல்லாப் பெண்பிள்ளைகளும் ஒன்றாகக் குளிக்க வேண்டும். நீளமான ஓர் அறை, வரிசையாகக் குழாய்கள், மறைப்பு என்று ஒரு துணிகூடக் கிடையாது. முதல் நாள் வந்து அம்மாவிடம் சொன்னபோது அவ கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தா.

"உடுப்பைக் கழட்டிப்போட்டோ? எல்லாருக்கும் முன்னாலையோ?"

"ஓம் அம்மா. எல்லாரும் அப்பிடித்தான்."

"எல்லாரும் கிணத்துக்கை குதிக்கட்டும். நீ குளிக்கிறேல்லை. வீட்டை வந்து குளி."

அதோடு தீர்ப்பு முடிந்தது. உண்மையைச் சொன்னால், அம்மா தடுத்தது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அந்த வருடம் என் உடம்பில் யாரையும் கேளாமல் சில கட்டுமான வேலைகள் ஆரம்பித்திருந்தன. அதைத் திறப்பு விழா வைத்துக் காட்ட நானும் தயாரில்லை. ஆகவே ஒவ்வொரு உடற்பயிற்சி நாளும் குழாயடியில் தலைமயிரை மட்டும் நனைத்துக்கொண்டு, வேர்த்த உடம்புக்கு மேல் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மிச்சம் நாலு பாடத்துக்கும் வகுப்பில் இருப்பேன். உடற்பயிற்சி காலையில், வெப்பமூட்டி என் கதிரைக்குப் பக்கத்தில். பன்னிரண்டு வயது. கணக்கு உங்களுக்கே வரும்.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. டெனிஷ்காரரின் நாகரிகம் அது. பக்கத்தில் இருந்தவள் கதிரையை ஒரு சாண் தள்ளினாள். அடுத்த கிழமை இன்னொரு சாண். பிறகு யாராவது எழுந்து போய் ஜன்னலைத் திறப்பார்கள். வெளியே பனி, உள்ளே ஜன்னல் திறந்திருக்கும், என் முகத்தை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். 'நாறுகிறாய்' என்று சொல்லியிருந்தால் நான் ஒரு நாள் அழுதிருப்பேன். அந்த ஜன்னலுக்காக ஒரு குளிர்காலம் முழுக்க அழுதேன்.

தை மாதத்தில் உடற்பயிற்சி ஆசிரியை வீட்டுக்குக் கொண்டுபோகிற கொப்பியில் எழுதி அனுப்பினா. பெற்றோர் வாசித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற அந்தக் கொப்பி உங்களுக்கும் இருந்திருக்கும். அதை நீங்களே வாசித்தும் சொல்லியிருப்பீர்கள். அதில் இருந்தது இரண்டே விஷயம்: உங்கள் மகளிடம் வியர்வை மணம் இருக்கிறது, மற்றப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள், அவள் மற்றவர்களோடு குளிக்க வேண்டும்.

அம்மா சமையலறை வாசலில் நின்று, "என்னவாம்?" என்றா.

நான் யோசித்தேன். உள்ளபடி வாசித்தால் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவா. அங்கே அவ திட்டுவதை நான்தான் டெனிஷில் சொல்ல வேண்டும். ஆசிரியை என்னைக் குளிக்கச் சொல்லுவதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்துச் சண்டையையும் ஒரே வாயால் போட்டு, இரண்டிலும் தோற்க வேண்டும். வாசல் நடையில் கொழுவியிருந்த கோட்டுகளில் என் கண் போனது.

"என்ரை கோட்டு மணக்குதாம்," என்றேன். "சித்தப்பாவின்ரை கோட்டு அதுக்கு மேலை கொழுவியிருக்கிறபடியாலாம்."

ஆசிரியை எங்கள் வீட்டுக் கொழுவியை எப்படிக் கண்டா என்று அம்மா கேட்கவில்லை. நேரே போய்ச் சித்தப்பாவின் கோட்டுக்குள் முகத்தை விட்டா. வெளியே எடுத்தபோது முகம் மாறியிருந்தது.

"மணம் இருக்குத்தான். செத்த எலி மாதிரி ஒரு மணம். இவ்வளவு நாளும் நான் குசினிக் குப்பையெண்டெல்லோ நினைச்சனான்."

இதுதான் நான் எதிர்பாராதது. பொய் சொன்னவள் நான், பொய் மெய்யாகிவிட்டது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் மணந்தது. சோபாவில் மணந்தது. தலையணையில் மணந்தது. அப்பாவும் மோந்து பார்த்துவிட்டு, "சாயப் பட்டறையிலை வேலை செய்யிறவன் பன்னீரோ மணப்பான்?" என்றார். ஆனால் அவர் முகமும் சரியில்லை.

யார் அவருக்குச் சொல்வது?

"நீங்கள் சொல்லுங்கோ, உங்கடை தம்பிதானே."

"நான் எப்பிடிச் சொல்லுறது? வளந்தவன். நீ சொல்லு, நீ அண்ணி."

"அண்ணி சொல்லுற கதையோ உது?"

ஒரு கிழமை இப்படிப் போனது. வளர்ந்த ஆம்பிளையைப் பார்த்து 'உனக்கு மணம்' என்று சொல்வதற்கு எங்கள் உறவுமுறையில் ஆள் கிடையாது. ஆகவே சொல்லாமல் மருந்து செய்தார்கள். அம்மா படிகாரக் கட்டியை இரும்புச் சட்டியில் போட்டு வறுத்தா. அது உருகி, கொதித்து, வெள்ளைப் பொருக்காகப் பொங்கியது. ஆறியதும் நான் உரலில் இடித்தேன். உருளைக்கிழங்கு மா, சாமிப்படத்துக்கு வைத்திருந்த சந்தனத் தூள், காய்ந்த எலுமிச்சைத் தோல் எல்லாம் சேர்த்து ஒரு கோப்பிப் போத்தலில் அடைத்தோம். உண்மையில் நல்ல வாசம். பொதிசெய்து விற்றிருந்தால் இன்றைக்கு இயற்கைப் பொருள் கடைகளில் எங்கள் குடும்பத்தின் படம் தொங்கும்.

"சித்தப்பாட்டைக் குடு," என்றா அம்மா. "இஞ்சை எல்லாரும் குளிச்சாப்பிறகு கமக்கட்டுக்குப் பூசுறவையாம், ரீச்சர் சொன்னவ எண்டு சொல்லு."

கொடுத்தேன். சொன்னேன். அவர் மூடியைத் திறந்து மோந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் மணக்கிறனோ பிள்ளை?"

"இல்லைச் சித்தப்பா. எல்லாரும் பூசுறவை."

"அப்ப நீயும் கொஞ்சம் பூசு."

என் உள்ளங்கையில் கொட்டினார். நான் போய்க் கழுவிவிட்டேன். பூசினால் நான் மணக்கிறேன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே. அந்த வீட்டில் அந்தத் தூள் யாருக்குத் தேவையோ அவள் அதைக் கைகழுவும் தொட்டிக்குள் கழுவி ஊற்றினாள்.

சித்தப்பா காலையும் மாலையும் பூசினார். சொன்னால் செய்கிற மனிதர். இரண்டாம் கிழமை கைகளை அகட்டிக்கொண்டு நடந்தார்.

"என்னடா, பறக்கப் போறியோ?" என்றார் அப்பா.

"எரியுது அண்ணை. பரவாயில்லை, நல்லதுக்குத்தானே."

மணம் போகவில்லை. கூடியது. அவர் ஒழுங்காகப் பூசுவதில்லை என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பிறகு சாப்பாட்டில் கைவைத்தார்கள்: அவருக்கு மட்டும் வெங்காயம் இல்லை, உள்ளிப்பூண்டு இல்லை, மீன் இல்லை. ஒரு மேசையில் இரண்டு சமையல். பிறகு கோட்டு. அதை நிலவறையில் எங்கள் பழைய சாமான்கள் கிடக்கும் அறையில் ஓர் ஆணியில் கொழுவச் சொன்னார்கள். ஒவ்வொரு காலையும் அவர் வெறும் சேட்டோடு மூன்று மாடி இறங்கி, நிலவறைக்குப் போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். இறங்கும்போது ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து இறங்குவார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். நித்திரைக் கலக்கம் என்று நினைத்தேன்.

அவருடைய றப்பர் சப்பாத்து எப்போதும் வாசலுக்கு வெளியேதான். சப்பாத்து மணப்பது உலக வழக்கம், அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டுக்குள் அவர் குளிருக்கு இரண்டு சோடி மேஸோடு இருப்பார். அண்ணன் தம்பியின் காலைப் பார்ப்பதில்லை. அண்ணி கொழுந்தனின் காலைப் பார்ப்பதில்லை. அதோடு நாங்கள் எல்லோரும் அவருடைய கமக்கட்டையே யோசித்துக்கொண்டிருந்தோம்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம். நான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா வந்து பக்கத்தில் இருந்தார். என்ன படம் என்று கேட்டார். சொன்னேன். பிறகு நான் எழும்பிப் போய் ஜன்னலைத் திறந்தேன்.

திட்டமிட்டுச் செய்ததில்லை. கை தானாகப் போனது. அதை எனக்கு எங்கே பழக்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். திரும்பி வந்து சோபாவின் மற்றக் கரையில் இருந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். திரைச்சீலை ஆடியது. பனிக்காற்று அவர் முகத்தில்தான் அடித்தது. மூடச் சொல்லவில்லை.

அடுத்த நாள் சோற்றுக்கு இருக்கும்போது சொன்னார்: "அண்ணை, கிரின்ஸ்டெட்டிலை ஒரு ஃபக்டரியிலை ஆள் எடுக்கினமாம். கூட்டாளி ஒருத்தன் இருக்கிறான், அறையும் இருக்காம். அங்கை போகலாமெண்டு பாக்கிறன்."

அம்மா, "ஏன் தம்பி, இஞ்சை என்ன குறை?" என்றா. அப்பா, "யோசிச்சுச் செய்," என்றார். இரண்டு பேரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. வேலை மாறுகிறார், அவ்வளவுதான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டோம். கூட்டாளியின் காரில் ஒரு பெட்டியும் ஒரு போர்வையும் ஏறின. அம்மா புதிதாக இடித்த தூளைப் போத்தல் நிறைய அடைத்து அவர் மடியில் வைத்தா. கார் திரும்பியதும் எனக்கு வந்தது சந்தோஷம். எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை உடற்பயிற்சி. அன்றும் வகுப்பில் யாரோ எழும்பிப் போய் ஜன்னலைத் திறந்தார்கள்.

ஐந்து கிழமை கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி. நான்தான் எடுத்தேன். அந்த வீட்டில் டெனிஷில் மணியடித்தால் எடுப்பது நான். சித்தப்பா வேலையிடத்தில் காய்ச்சலோடு விழுந்திருக்கிறார். சப்பாத்தைக் கழற்ற முடியாமல் வெட்டி எடுத்திருக்கிறார்கள். உள்ளே இரண்டு விரல் கறுத்து, பாதம் அழுகியிருந்தது. இரத்தத்தில் சீனி, எத்தனை வருடமாகவோ. எங்கேயோ ஒரு நாள் சப்பாத்து உரஞ்சி ஒரு கொப்புளம் வந்திருக்கும், கால் மரத்துப்போனபடியால் அவருக்கே தெரியவில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஒரு சின்ன அறையில் டொக்டர் எங்களை இருத்தினார். வயதானவர், நல்ல மனிதர். பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதற்காக என்னிடம் முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு கேட்டார்:

"மணம் எப்போது தொடங்கியது என்று உன் பெற்றோரிடம் கேள். இப்படி ஒரு கால், மாதக்கணக்காக மணந்திருக்க வேண்டும்."

கேட்டேன். அந்தக் குளிர்காலத்தில் நான் ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தது அது ஒன்றுதான்.

அப்பா நிலத்தைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னா: "நாங்கள் கமக்கட்டெண்டெல்லோ நினைச்சனாங்கள்."

அதையும் நான் டெனிஷில் சொல்ல வேண்டியிருந்தது. எழுதப் பேனையை எடுத்த டொக்டர், எழுதாமல் அதைக் கீழே வைத்தார்.

அவருடைய சாமான்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தார்கள். ஒரு மணிக்கூடு, ஒரு பெல்ட், ஒற்றைச் சப்பாத்து, கோப்பிப் போத்தல். போத்தல் வெறுமையாக இருந்தது. கடைசி வரை பூசியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் போத்தலும் காணாமல் போனது, படிகாரம் வறுத்த இரும்புச் சட்டியும் காணாமல் போனது. எங்கே என்று அம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த ஆவணியில் புதிய வகுப்பு தொடங்கியபோது, எங்கிருந்து வந்த துணிச்சலோ, உடற்பயிற்சி ஆசிரியையிடம் போய் நீச்சலுடுப்போடு குளிக்கலாமா என்று கேட்டேன். "ஓ, தாராளமாக. நீ கேட்டிருந்தால் போன வருடமே சொல்லியிருப்பேனே," என்றா. அவவுக்கு அது அரை நிமிட விஷயம்.

இன்று யாரையாவது முதல் முறையாகக் குளிப்பாட்டும்போது, நான் மேஸைக் கழற்றிக் கால்விரல்களை விரித்துப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். 'எவ்வளவு கவனம்' என்று உறவினர்கள் பாராட்டுவார்கள். பாராட்டை வாங்கிக்கொள்கிறேன். படிகாரத்தை ஏன் என் கமக்கட்டில் அப்பினேன் என்பதற்கு மட்டும் இன்றும் ஒழுங்கான பதில் கிடையாது. எரியட்டும் என்று எங்கேயோ ஒரு மூலையில் நினைத்திருப்பேன். புத்தகம் படித்தவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். டொக்டர் பெட்டை வைத்த பெயர் தோல் அழற்சி.

சித்தப்பா இப்போது ஸ்கீவ என்ற ஊரில் இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார், கல்யாணம் செய்யவில்லை. மற்றக் காலும் போன வருடம் போய்விட்டது. கொமூனிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, காலையும் மாலையும் ஆள் வந்து கழுவித் துடைத்துவிட்டுப் போகிறார்கள். அப்பா இறந்து ஆறு வருடம். அம்மா அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு மட்டும், சொல்லாமல் வைத்திருந்தது வயது போகப் போகக் கனத்தது. புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு தனியே போனேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், சீனியில்லாமல். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பியில் இருந்ததை, நான் மாற்றிச் சொன்னதை, நான் குளிக்காததை, ஜன்னலை. என்னால்தான் நீங்கள் வீட்டைவிட்டுப் போனீர்கள், எங்களோடு இருந்திருந்தால் யாராவது காலைக் கண்டிருப்பார்கள் என்றேன். முப்பத்தைந்து வருடமாக ஒத்திகை பார்த்த பேச்சு. நடுவில் அழுதேன். அழுவதையும் ஒத்திகை பார்த்திருந்தேன், ஆனால் இது வேறு மாதிரி வந்தது.

சித்தப்பா கடைசி வரை கேட்டார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"எடி பிள்ளை," என்றார், "பன்னிரண்டு வயசுப் பெட்டை ஜன்னலைத் திறந்ததுக்கு ஆராவது வீடு மாறுவினமே? நான் போனது கொப்பர், அதுதான் அண்ணை, விட்ட குறட்டையாலை. சுவர் அதிரும். கிரின்ஸ்டெட்டுக்குப் போனாப்பிறகுதான் நான் இந்த நாட்டிலை ஒழுங்கா நித்திரை கொண்டனான்."